அட்டைக்குத் தண்ணீர் மாற்றியவர்கள்

ஜூன் 27

காட்டைக் காப்பதற்காகத்தான் பரீட்சை எழுதி வேலைக்கு வந்தேன். அரசாங்கத்தின் கணக்கில் கடலும் ஒரு காடுதானாம். சத்தியமங்கலத்தில் யானைக்குப் பின்னால் நடந்துகொண்டிருந்தவளைத் தூக்கி இந்த ஓலைமுனை முகாமில் போட்டுவிட்டார்கள். மரம் என்று பார்த்தால் நாலு பனையும் உடைமுள்ளும். மிச்சமெல்லாம் தண்ணீர்.

முகாமில் வனக் காப்பாளர் என்று நான் ஒருத்தி. வாட்சர்கள் இரண்டு பேர்: சீனி அண்ணன், நம்புவேல். சீனி அண்ணனுக்கு ஐம்பது தாண்டியிருக்கும், படகை அவர்தான் ஓட்டுவார். நம்புவேலுக்கு வாய் ஓடும். இருவரும் தினக்கூலி. யூனிபார்ம் இல்லை, அடையாள அட்டை இல்லை. "கடல் அட்டைக்குக் காவல் நிக்கிற எங்களுக்கு ஒரு அட்டை குடுக்க மாட்டேங்கிறாகளே மேடம்" என்று நம்பு வாரம் ஒருமுறை கேட்பான். நானும் வாரம் ஒருமுறை மேலிடத்துக்கு எழுதுகிறேன். இலாகாவின் படகு ரிப்பேரில் கிடக்கிறது. வாடகைக்கு எடுத்த பைபர் படகில்தான் ரோந்து.

இன்று ரோந்துக்கு நான் போகவில்லை. தலைவலி.

ஜூன் 30

காலையில் வழக்கம்போல யூட் அண்ணனின் குரல் வந்தது. "தங்கச்சி, காலமை வணக்கம். இண்டைக்குக் கச்சான் காத்து பலமில்ல. மத்தியானத்துக்குப் பிறகு கொஞ்சம் கூடும். கவனமாப் போய் வாங்கோ."

யூட் லெம்பேட் அக்கரையில், இலங்கையின் மன்னாரில், என்னைப்போல வேலை பார்ப்பவர். போன வருடம் கொச்சியில் நடந்த பயிற்சியில் பழக்கம். ஆறு நாட்டு வனக்காரர்கள் வந்திருந்தோம். பயிற்சி முடிந்ததும் ஒரு வாட்ஸப் குழு தொடங்கினார்கள். அதில் சுந்தரவனத்துக்காரர் தினமும் ஒரு ரோஜாப்பூ அனுப்புவார், நேபாளத்துக்காரர் அதற்குக் கும்பிடு போடுவார். உருப்படியாக நடப்பது யூட் அண்ணன் எனக்குத் தனியாக அனுப்பும் காற்றுச் செய்திதான். கச்சான் என்றால் தென்மேற்கிலிருந்து அவர்கள் கரைப் பக்கம் அடிக்கும் காற்று. நம் பக்கம் சங்கதி இருந்தால் நான் சொல்வேன். இரண்டு அலுவலகங்களிலும் இது யாருக்கும் தெரியாது. அந்நிய நாட்டு அதிகாரியோடு பேச அனுமதி வாங்க வேண்டும். அனுமதி வருவதற்குள் காற்று திசை மாறிவிடும்.

ரோந்துக்குப் போகவில்லை. மாதாந்திர அறிக்கை எழுத வேண்டியிருந்தது.

ஜூலை 2

வயிறு சரியில்லை. நம்புவும் சீனி அண்ணனும் போய் வந்தார்கள். ஒன்றும் விசேஷமில்லை. குழம்புக்குப் புளி தீர்ந்துவிட்டது.

ஜூலை 4

நடந்ததை வரிசையாக எழுதிவைக்கிறேன்.

காலையில் ஒரு மீனவர் போன் செய்தார். கடைசித் தீடையில் டிரம் டிரம்மாகக் கடல் அட்டை ஒளித்து வைத்திருக்கிறார்களாம். தீடை என்றால் கடலுக்கு நடுவே கிடக்கும் மணல் மேடு. கடல் அட்டை என்றால் கடலடி மணலில் கிடக்கும், வெள்ளரிக்காய் போன்ற ஒரு பிராணி; வெளிநாட்டில் நல்ல விலை. கடைசித் தீடைக்கு அப்பால் கொஞ்ச தூரத்தில் எல்லைக் கோடு. நம் பக்கம் அட்டையைத் தொட்டாலே ஜெயில். அக்கரையில் அனுமதிச் சீட்டு வைத்திருப்பவர் பிடிக்கலாம், விற்கலாம். அதனால் இங்கே களவாகப் பிடித்து அங்கே கொண்டுபோய்த் தள்ளிவிடுவார்கள். உயிரோடு டிரம்மில் வைத்திருந்தால் அன்றைக்கே அக்கரைப் படகு வரப்போகிறது என்று அர்த்தம்.

சட்டப்படி நான் போயிருக்க வேண்டும். காப்பாளர் இல்லாமல் வாட்சர்கள் எதையும் கைப்பற்றக் கூடாது. சரக அலுவலகத்திலிருந்து போன் வரும்போல் இருந்தது, அதனால் தங்கிவிட்டேன். அவர்களை அனுப்பினேன்.

தீடையிலிருந்து நம்பு பேசினான். "மேடம், நாலு டிரம்மு. பூராம் வெள்ளை அட்டை, உசுரோட இருக்கு. இங்கனயே கவுத்து விட்டுருவமா?"

"விடாதே. மாஜிஸ்திரேட் முன்னால காட்டி, அவர் உத்தரவு போட்ட பிறகுதான் விடணும். இல்லேன்னா கேஸே நிக்காது."

"காத்து ஏறுது மேடம். பாரமும் சாஸ்தி."

"அதான் சொல்றேன், ஒண்ணையும் விடாம சீக்கிரம் கொண்டாங்க."

"சரி மேடம். கொண்டாந்துருவோம்."

சாயந்தரம் வரை வரவில்லை. இரண்டு போனும் கிடைக்கவில்லை. யூட் அண்ணன் காலையில் அனுப்பிய செய்தியை இப்போதுதான் கேட்டேன். மத்தியானத்துக்கு முன்பே கரைக்குத் திரும்பிவிடுங்கோ என்று சொல்லியிருந்தார்.

ஜூலை 5

வரவில்லை.

சரகத்துக்குச் சொன்னேன். கடலோரக் காவல் படைக்குச் சொன்னார்கள். ஊரிலிருந்து மூன்று படகு போய்த் தேடிவிட்டு வந்தது. ரேஞ்சர் சார் போனில் கேட்ட முதல் கேள்வி, "படகில நீ இல்லையா?" "இல்லை சார்" என்றேன். அந்தப் பக்கம் அவர் பெருமூச்சு விட்டது கேட்டது. எதற்கான பெருமூச்சு என்று தெரியவில்லை.

யூட் அண்ணனை அழைத்தேன். அவர் என்னைப் பற்றி ஒன்றும் கேட்காமல் படகைப் பற்றித்தான் கேட்டார். எந்தத் தீடை, எப்போது கிளம்பியது, எவ்வளவு பாரம், எஞ்சின் நின்றிருந்தால் நங்கூரம் இருக்கிறதா?

"கச்சானுக்கு எங்கட பக்கம்தான் வரும், தங்கச்சி. எல்லைக் கோட்டைத் தாண்டியிருக்கும். நான் இப்ப வெளிக்கிடுறன்."

"காத்து பலமா இருக்கேண்ணே."

"காத்தில போனவங்களைக் காத்திலதானே தேடோணும்."

குழுவில் எழுதினேன். சுந்தரவனத்துக்காரர் இன்று ரோஜா அனுப்பவில்லை. படகின் நீளத்தைக் கேட்டு, எந்தக் கோணத்தில் மிதந்துபோகும் என்று படம் வரைந்து அனுப்பினார். அதை யூட் அண்ணனுக்குத் தள்ளிவிட்டேன். நேபாளத்துக்காரர் கடலையே பார்த்ததில்லையாம். விளக்கு ஏற்றி வைத்திருப்பதாக எழுதியிருந்தார். நானும் ஒன்று ஏற்றினேன். எனக்கு அவ்வளவாகச் சாமி நம்பிக்கை கிடையாது.

ஜூலை 6

உயிரோடு இருக்கிறார்கள்!

யூட் அண்ணன் காலையில் கூப்பிட்டார். "ரெண்டு பேரும் சுகமா இருக்கினம். வெயில்ல கருகிப்போச்சினம், அவ்வளவுதான்." நான் போனைக் காதில் வைத்தபடியே அழுதேன். அவர் பொறுமையாகக் காத்திருந்தார். நான் மூக்கைச் சிந்தி முடித்த பிறகு மெதுவாகச் சொன்னார்.

"ஆனா தங்கச்சி, நான் போய்ச் சேருறதுக்கு முதலே நேவி பிடிச்சிட்டுது. படகுக்குள்ள நாலு டிரம் அட்டை. கடத்தல் எண்டு கேஸ் எழுதியிருக்கினம்."

சாயந்தரம் டீக்கடை டிவியில் ஓடியது: கடல் அட்டை கடத்திய தமிழக மீனவர் இருவர் கைது. படத்தில் சீனி அண்ணன் லுங்கியோடு குத்தவைத்து உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் நம்பு, கிழிந்த பனியன். பனைமரத்தடியில் நின்று பால் குடித்தாலும் கள் என்றுதான் சொல்வார்கள். இவர்கள் பாலைக் குடிக்கக்கூட இல்லை, காவல்தான் காத்தார்கள்.

கடையில் இருந்த ஒருவன், போன மாசி மாதம் அட்டையோடு நம்புவிடம் பிடிபட்டவன், சத்தமாகச் சிரித்தான். "அட்டைக்குக் காவல் போனவய்ங்களே அட்டை கடத்துறாய்ங்கப்பா!" வாயில் வந்ததை நானும் சொல்லிவிட்டு வந்தேன். அதை இங்கே எழுத முடியாது.

ஜூலை 7

சரக அலுவலகத்துக்குப் போனேன். ரேஞ்சர் சார் கெட்டவர் இல்லை, பயந்தவர். கதவைச் சாத்திவிட்டுப் பேசினார்.

"தவமணி, நான் சொல்றதக் கேளு. அவங்க நம்ம ஆளுன்னு எழுதினா, காப்பாளர் இல்லாம எப்படிக் கைப்பற்றினாங்கன்னு கேப்பாங்க. உன் வேலை போகும். என்னையும் கேப்பாங்க. தினக்கூலிதானே, அன்னிக்கு அவங்க வேலைக்கு வரலைன்னு வெச்சுக்குவோம். மீனவங்களாவே இருக்கட்டும். எப்படியும் மத்த மீனவங்களோட சேத்து ஒருநாள் விட்டுருவாங்க."

"கடத்தல்னு கேஸ் இருக்கே சார்."

"அதுக்கு வக்கீல் இருக்காங்க. நீ குடும்பத்தப் பாரு."

எனக்குக் குடும்பம் என்று அம்மா மட்டும்தான். நான் வேலைக்கு வந்த பிறகுதான் அம்மா கூலிக்குப் போவதை நிறுத்தினாள். யோசித்துச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன்.

முகாம் வாசலில் நம்புவின் மனைவி முனீஸ்வரி நின்றுகொண்டிருந்தாள். கத்துவாள் என்று நினைத்தேன். கத்தவில்லை.

"மேடம், அந்த மனுசன் குடிப்பாக, பொய் சொல்லுவாக, எல்லாம் செய்வாக. களவாங்க மாட்டாக. நீங்க சொன்னாத்தான ஊரு நம்பும். ஒரு வார்த்தை சொல்லுங்க."

"சொல்றேன் முனீஸ்வரி."

"எப்ப சொல்லுவீக?"

அரிசி இருக்கிறதா என்று கேட்டேன். இருக்கிறது என்றாள். போய்விட்டாள்.

ஜூலை 9

ஒன்றும் எழுதத் தோன்றவில்லை. கிணற்றடியைச் சுத்தம் செய்தேன். நம்புவின் பழைய செருப்பு வாசலில் கிடந்தது, உள்ளே எடுத்து வைத்தேன்.

ஜூலை 11

யூட் அண்ணன் அனுமதி வாங்கி, பிடித்து வைத்திருந்த படகைப் போய்ப் பார்த்திருக்கிறார். அவர் குரலில் இப்படி ஒரு வேகத்தை நான் கேட்டதில்லை.

"தங்கச்சி, கேளுங்கோ. நாலு டிரம்முக்கும் மேல நனைச்ச சாக்கு மூடியிருந்தது. அவங்கட சட்டையையும் கழட்டி நனைச்சுப் போட்டிருக்கிறாங்கள். ஒண்டிரண்டைத் தவிர அவ்வளவும் உயிரோட, இப்ப தொட்டியில விட்டு வச்சிருக்கினம். கடத்துறவன் குடலை எடுத்து, அவிச்சு, உப்புப் போட்டெல்லோ கொண்டு வருவான்? உயிரோட வச்சிருந்தாலும், தண்ணி சூடானா அது தானாக் குடலைக் கக்கிப் போட்டுச் செத்துப்போம். நேவியில இருக்கிற ஒரு பெடியனிட்டக் கேட்டனான். பிடிக்கேக்க ரெண்டு பேருக்கும் நாக்கு வீங்கிக் கிடந்ததாம், குடிதண்ணி முதல்நாளே முடிஞ்சு போச்சாம். ஆனா அட்டைக்கு மட்டும் வாளியால தண்ணி மாத்திக்கொண்டே இருந்திருக்கிறாங்கள்."

நான் போனை மறு காதுக்கு மாற்றினேன்.

"இன்னுமொண்டு. நேவிப் படகைக் கண்ட உடன கள்ளன் என்ன செய்வான்? கவிட்டுக் கொட்டிப்போட்டு, ஐயா எஞ்சின் பழுது எண்டு கையைத் தூக்குவான். இவங்களுக்கு அதுக்கு நல்லா நேரம் இருந்தது. கொட்டேல்ல. டிரம்மைக் கட்டிப் பிடிச்சுக்கொண்டு நிண்டவங்களாம். அதை ஆர் செய்வான் சொல்லுங்கோ? நீங்களும் நானும்தான் செய்வம்."

கொட்டியிருந்தால் வெறும் கையோடு நின்றிருப்பார்கள். எஞ்சின் பழுதாகி ஒதுங்கிய மீனவர்கள் என்று சோறு போட்டு அனுப்பிவைத்திருப்பார்கள். ஒன்றையும் விடாமல் கொண்டு வாருங்கள் என்று நான் சொன்னேன். நடுக்கடலில், நாக்கு வறண்டு, துப்பாக்கிக்கு முன்னால் நின்றபோதும் அதைத்தான் செய்திருக்கிறார்கள். என் பேச்சைப் பெற்ற தாய்கூட இப்படிக் கேட்டதில்லை. எனக்கு வெட்கமாக இருக்கிறது.

ஜூலை 13

யூட் அண்ணன் மறுபடியும் பேசினார். வரும் வாரம் வழக்கு நீதவான் முன்னால் வருகிறது. அங்கே மாஜிஸ்திரேட்டை அப்படித்தான் சொல்வார்கள். டிரம்களைப் பற்றித் தான் கண்டதைச் சொல்ல ஒரு வக்கீல் மூலம் அனுமதி கேட்டிருக்கிறாராம்.

"உங்க ஆபீஸ்ல ஒண்ணும் சொல்ல மாட்டாங்களா?"

"சொல்லுவினம். அதைப் பிறகு பாப்பம்." பிறகு தயங்கினார். "தங்கச்சி, ஒரு கேள்வி வரும். இது உண்மையா ரோந்துப் படகு எண்டா, அதிகாரி ஏன் படகில இல்லை எண்டு கேப்பினம். உங்களுக்கு அண்டைக்குக் காய்ச்சல் எண்டு சொல்லட்டோ? ஆருக்கும் பாதிப்பு வராது."

எனக்காக அவர் கோர்ட்டில் ஒரு பொய் சொல்லத் தயாராக இருக்கிறார். அதையும் என்னிடம் அனுமதி கேட்டுக்கொண்டு.

எனக்குத் தெரிந்த எல்லா நோயும் வரிசையாக நினைவுக்கு வந்தன. தலைவலி, வயிற்றுவலி, மாதாந்திர அறிக்கை. சத்தியமங்கலத்தில் ஒற்றைக் கொம்பன் எதிரே வந்தபோது நின்றிருக்கிறேன். அங்கே காலுக்குக் கீழே மண் இருந்தது. படகில் ஏறி, கரை கொஞ்சம் சின்னதானதும் என் நெஞ்சு அடைத்துக்கொள்கிறது, மூச்சு வருவதில்லை. வந்த புதிதில் இரண்டு முறை போனேன். அதன்பிறகு போகவே இல்லை.

"பயம்னு சொல்லுங்கண்ணே."

"என்ன?"

"காய்ச்சல் இல்ல. எனக்குக் கடல்னா பயம். அதனால போகல. என் பேச்சைக் கேட்டுத்தான் அவங்க போனாங்க, என் பேச்சைக் கேட்டுத்தான் டிரம்மை ஏத்துனாங்க. அப்படியே சொல்லுங்க."

"விளங்குது தங்கச்சி" என்றார்.

ஜூலை 14

அதையே எழுதிக் கையெழுத்துப் போட்டு ரேஞ்சர் சார் மேசையில் வைத்தேன். படித்தார். கண்ணாடியைக் கழற்றினார். "யானை தன் தலையில தானே மண்ணை வாரிப் போட்டுக்கிட்ட மாதிரி பண்றியே தவமணி" என்றார்.

யானை மண்ணை வாரிப் போட்டுக்கொள்வது பூச்சி கடிக்காமல் இருக்க. யானையைக் கிட்டத்தில் பார்க்காதவர்கள் செய்த பழமொழி அது. சொன்னேன். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அடக்கிக்கொண்டார். காகிதத்தை மேலே அனுப்பினார். அதற்கும் ஒரு தைரியம் வேண்டும், இல்லையென்று சொல்ல மாட்டேன்.

திரும்பும் வழியில் முனீஸ்வரி வீட்டுக்குப் போய்ச் சொன்னேன். பிறகு டீக்கடைக்குப் போய், அங்கிருந்த எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னேன். சிரித்தவன் அன்றைக்கு அங்கே இல்லை. வந்ததும் அவனிடம் சொல்லச் சொல்லிவிட்டு வந்தேன்.

ஜூலை 21

விடுதலை. கடத்தல் வழக்குத் தள்ளுபடி. யூட் அண்ணனின் செய்தி இரண்டே வரி. தூதரக வேலைகள் முடிந்ததும் அனுப்பி வைப்பார்களாம். குழுவில் போட்டேன். இன்றைய ரோஜா மிகப் பெரியது.

ஆகஸ்ட் 1

வந்துவிட்டார்கள்.

படகுத்துறையில் நான், முனீஸ்வரி, சீனி அண்ணனின் மகள்கள். கடலோரக் காவல் படைக் கப்பலில் இருந்து இறங்கினார்கள். சீனி அண்ணன் பாதியாகியிருந்தார். நேராக என்னிடம் வந்தார். திட்டினால் வாங்கிக்கொள்ள வேண்டும் என்று நின்றேன்.

"மேடம், அதுல மூணு செத்துப்போச்சு. மத்ததெல்லாம் நல்லா இருந்துச்சு. கடல்ல விடச் சொல்லி அந்த நீதவானே உத்தரவு போட்டுட்டாக. விடும்போது பாத்தோம், நல்லா உள்ள போயிருச்சு."

"சாப்பிட்டீங்களா?" என்று கேட்டேன்.

முகாமுக்கு வந்த பிறகு நம்பு எல்லாவற்றையும் சொன்னான். பாரத்தில் எஞ்சின் சூடாகி நின்றதாம். நங்கூரக் கயிறு அறுந்ததாம். சீனி அண்ணன் அல்லாவைத் தொழுதாராம், இவன் நம்பு நாயகி அம்மனைக் கூப்பிட்டானாம். "ரெண்டு பேரும் வேற வேற ஆளைக் கூப்பிட்டதுல ஒருத்தருக்காவது கேட்டுருச்சு மேடம்."

"கோர்ட்ல என்ன நடந்துச்சு?"

"நாங்க கூண்டுல நிக்கிறோம். யூட் சார் யூனிபார்மோட வந்து நின்னாரு. அதுக்கு முந்தி அவர் மூஞ்சியை நாங்க பாத்ததில்ல, நீங்க பேசும்போது குரலைத்தான் கேட்டிருக்கோம். டிரம்மு, சாக்கு, தண்ணி எல்லாத்தையும் விளக்கிச் சொன்னாரு. அப்ப நீதவான் கேட்டாக, இவங்களை உங்களுக்கு முன்னமே தெரியுமான்னு. தெரியாதுன்னாரு. சொந்தமான்னு கேட்டாக. இல்லைன்னாரு. அப்ப வேற நாட்டு ஆளுங்களுக்காக எதுக்கு வந்து நிக்கிறீங்கன்னு கேட்டாக."

நம்பு நிறுத்தினான். வழக்கமாக நிறுத்துகிறவன் இல்லை.

"'ஐயா, இவங்கள் எங்கட ஆக்கள்'னாரு. அம்புட்டுத்தான். எனக்கு அழுகை வந்துருச்சு மேடம். இத்தன வருசமா இந்த வேலைல இருக்கேன். நம்ம ஆபீஸ்ல ஒருத்தர்கூட எங்களை அப்படிச் சொன்னதில்ல."

சீனி அண்ணன் அடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டே கேட்டேன். "என்னைப் பத்தியும் சொல்லியிருப்பாரே."

"சொன்னாரு. கடல்னா பயம்னு." நம்பு தலையைச் சொறிந்தான். "அது எங்களுக்கு எப்பவோ தெரியும் மேடம். ஒரு மனுசிக்கு அம்புட்டுத் தலவலியா வரும்?"

ஆகஸ்ட் 19

குறிப்பாணை வந்தது. விசாரணை நடந்தது. ஊதிய உயர்வை நிறுத்தி வைத்திருக்கிறார்கள். வேலை இருக்கிறது. அம்மாவிடம் சொன்னேன், "நல்லாக் குடுத்தாங்க" என்றாள். ஆபீஸைத் திட்டுகிறாளா, எனக்கு வேண்டியதுதான் என்கிறாளா என்று கேட்கவில்லை.

இனிக் காப்பாளர் இல்லாமல் படகு கிளம்பக் கூடாது என்று உத்தரவு. அதனால் இன்று போனேன். கயிற்றைப் பிடித்த கை கன்றிவிட்டது. வாந்தி எடுத்தேன். சீனி அண்ணன் கரை தெரியும் தூரத்திலேயே படகை ஓட்டிக்கொண்டு போனார், நான் கேட்காமலே. நம்பு வழி முழுக்கப் பேசிக்கொண்டே வந்தான். அவன் பேச்சு உபயோகப்பட்டது இதுதான் முதல் தடவை.

வாட்சர்களுக்கு அடையாள அட்டை கேட்டு மறுபடி எழுதியிருக்கிறேன். ரேஞ்சர் சார் இந்தத் தடவை பரிந்துரை செய்திருக்கிறார்.

யூட் அண்ணனிடமிருந்து நாலு நாளாகக் காற்றுச் செய்தி இல்லை.

செப்டம்பர் 7

புது எண்ணிலிருந்து அழைப்பு. யூட் அண்ணன்.

அவரை இடம் மாற்றிவிட்டார்களாம். அனுமதியில்லாமல் அந்நிய நாட்டு அதிகாரியோடு தொடர்பு வைத்திருந்ததைக் கோர்ட்டில் அவரே சொல்லியிருக்கிறார், அதனால். கடலே இல்லாத உள்நாட்டுக் காடு. மனைவி மன்னாரிலேயே இருக்கிறார், அவர் மட்டும் ஒரு தகரக் கொட்டகையில். இத்தனை நாளும் எனக்குச் சொல்லாமல் இருந்திருக்கிறார்.

"ஏண்ணே சொல்லல?"

"சொன்னா நீங்கள் கவலைப்படுவியள். கடல் சத்தம் இல்லாம நித்திரை வருகுதில்ல, மற்றும்படி சுகம்."

எனக்குக் கோபம் வந்தது. யார் மேல் என்று தெரியவில்லை. "முகம் தெரியாத ரெண்டு பேருக்காக எதுக்குண்ணே இவ்வளவு?" என்று கேட்டுவிட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

அவர் கோபித்துக்கொள்ளவில்லை. "அட்டைக்குத் தண்ணி மாத்தினவனைக் கள்ளன் எண்டு எழுத விட்டிட்டு நான் யூனிபார்ம் போடேலாது, தங்கச்சி" என்றார். அதற்குமேல் அதைப் பற்றிப் பேச விரும்பவில்லை என்பது தெரிந்தது.

வைத்துவிடுவார் என்று நினைத்தேன். வைக்கவில்லை. நான் காத்திருந்தேன்.

"தங்கச்சி, இங்க யானை நிக்குது. நேத்து கொட்டகைக்குப் பின்னால வந்து நிண்டது. நான் பிறந்தது கடற்கரையில. புயலுக்குள்ள போயிருக்கிறன். ஆனா எனக்குப் பயமாக் கிடக்கு. இங்க ஒருத்தரிட்டயும் சொல்லேல்ல. வனக்காரனுக்கு யானைப் பயம் எண்டா சிரிப்பினம்."

"சிரிக்கட்டும். நான் சிரிக்க மாட்டேன்" என்றேன்.

சமையலைச் சீனி அண்ணனிடம் விட்டுவிட்டு வெளியே வந்து உட்கார்ந்தேன். எனக்குத் தெரிந்ததை எல்லாம் சொன்னேன். காதை விரித்துச் சத்தம் போட்டுக்கொண்டு வந்தால் பெரும்பாலும் மிரட்டல், அசையாமல் நில்லுங்கள், மெதுவாகப் பின்வாங்குங்கள். சத்தமில்லாமல், காதை ஒடுக்கி, தும்பிக்கையைச் சுருட்டிக்கொண்டு வந்தால் மிரட்டல் இல்லை, அப்போது யோசிக்காமல் ஓடுங்கள். சாணத்தைத் தொட்டுப் பாருங்கள், சூடு இருந்தால் அந்தப் பாதை வேண்டாம். குட்டிக்கும் தாய்க்கும் நடுவே எந்தக் காலத்திலும் போகாதீர்கள். கொட்டகையில் உப்பும் பழமும் வைக்காதீர்கள். அவர் ஒவ்வொன்றுக்கும் "ஓம்" சொன்னார். சிலவற்றைத் திருப்பிக் கேட்டார். யானை எங்கே படுக்கும், எந்த வேளையில் தண்ணீருக்கு வரும் என்றெல்லாம் கேட்டார். கேட்கக் கேட்கக் குரல் கொஞ்சம் தெளிந்தது.

"காட்டுக்குள்ள போறதுக்கு முந்தி எந்தப் பக்கம் போறீங்கன்னு எனக்கு அனுப்புங்க. திரும்பி வந்ததும் அனுப்புங்க. வரலைன்னா ஆள் அனுப்புவேன்."

"நீங்கள் அங்க, நான் இங்க. எந்த ஆளை அனுப்புவியள்?"

"உங்க கூட வேலை பாக்குற வாட்சருங்க இருப்பாங்கல்ல, அவங்க நம்பரைக் குடுங்க. அவங்களும் எங்க ஆளுங்கதான்."

அவர் எண்களை ஒவ்வொன்றாகச் சொன்னார். நான் எழுதிக்கொண்டேன்.